பூச்சிய அலகு

உவர்மலையில் எனக்கு நூற்றுப் பன்னிரண்டு வீடு.
ஒன்றும் என்னுடையதில்லை.
மாதத்தில் ஒருமுறை கேற்றைத் தட்டி
"கரண்ட் மீற்றர்" என்று கூவி
நாய்க்கு வழிவிட்டு
இலக்கம் எழுதிக்கொண்டு வருவேன்.

எந்த வீட்டுக்குக் காசு வருகிறதென்று
வங்கிக்காரருக்கு முன்னம் எனக்குத் தெரியும்.
அறுபது அலகு வீடு ஒருநாள் நூற்றெண்பது காட்டும்:
மகன் கனடாவில் இறங்கிவிட்டான்,
பிரிட்ஜ் வந்துவிட்டது.
முந்நூறைத் தாண்டினால் மகளுக்கும் விசா.
பிறகு ஒரு மாதம்
கேற்றில் பூட்டு. பூச்சியம்.
பூச்சியத்துக்கும் நிலையான கட்டணம் உண்டு.

தங்கச்சி சுகிர்தா பேர்கனில்.
பதினாறு வருசம், முதியோர் இல்லத்தில் இரவு வேலை.
ஞாயிறுகளில் கதைக்கும்போது
இரண்டு நாட்டையும் நிறுத்துப் பார்ப்பது எங்கள் பழக்கம்.

காலை ஆறுக்குப் போயும் ஆஸ்பத்திரியில்
எண்பத்தினாலாம் நம்பர், என்றேன்.
டொக்டர் நல்ல மனுசன்,
குளிசையை மட்டும் வெளியில வாங்கச் சொன்னார்.
"இஞ்ச குளிசை இருக்கு அண்ணா.
டொக்டரைக் காணத்தான் அஞ்சு கிழமை.
அதுக்குள்ள வருத்தம் மாறிடும்,
இல்லாட்டிப் பழகிடும்."

அவளுக்குச் சம்பளத்தோடு ஐந்து கிழமை லீவு.
எனக்கும் லீவு இருக்கிறது, போகத்தான் இடமில்லை.
"கடல் இருக்கே" என்று சிரித்தாள்.
கடல் அவளுக்கும் இருக்கிறது,
கால் வைத்தால் எலும்பு கத்துமாம்.

அங்கே கரண்ட் விலை மணிக்கு மணி மாறுமாம்.
உடுப்புத் தோய்க்கிற மெஷினை
இரவு இரண்டுக்குத்தான் போடுவாளாம்.
எனக்கு ஆறுதலாக இருந்தது. சொல்லவில்லை.

பதின்மூன்று மணித்தியாலம் இருட்டில் கிடந்த அந்த வருசம்
நுரைச்சோலைச் சாவி
என் காற்சட்டைப் பைக்குள் இருப்பதுபோல
சனம் என்னை மறித்து ஏசியது.
அவளுக்கு ஒருநாளும் அணைந்ததில்லை.

"அங்க மீற்றர் பார்க்க ஆள் வருமா?"
"ஆள் என்னத்துக்கு? மீற்றர் தானே கணக்கு அனுப்பும்."
அந்த நாட்டில் எனக்கு வேலையில்லை என்பது
அப்படித்தான் தெரியவந்தது.

நூற்றுப் பன்னிரண்டில் ஒன்று அவளுடையது.
நோர்வேக் காசில் எழும்பிய மாடி.
மேல் யன்னலில் உள்துறைமுகம் வடிவாகத் தெரியும்.
நாலு வருசத்தில் பதினெட்டு நாள்
அதில் படுத்திருக்கிறாள்.
மற்றதெல்லாம் பூச்சியம்,
என் கையால் நானே எழுதியது.

சித்திரையில் ஒன்பது அலகு.
பில்லைப் படமெடுத்து அனுப்பினேன்.

"ஆர் அண்ணா?"

எலி என்று சொல்லியிருக்கலாம்,
வயர் ஒழுக்கு, பக்கத்து வீட்டுப் பெடியள்.
நான்தான், என்றேன்.
வெக்கை தாங்கேலாமல் ஒரு இரவு
உன்ர ஏசியைப் போட்டுப் படுத்தனான்.
பிறந்த ஊரில் எனக்கு முதன்முதல் குளிர்ந்தது.
போர்வை தேடி உன்ர அலுமாரியைத் திறந்தனான்,
அதையும் சொல்லவேணும்.
விடியப் பார்த்தால் யன்னல் கண்ணாடி வேர்த்து
துறைமுகத்தைக் காணவில்லை.

கனநேரம் சத்தமில்லை.
லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

"ஒன்பதை ரெண்டுதரம் வாசிச்சனான்" என்றாள்.
"ஏசி உன்ர விருப்பம்.
வாசல் லைற்றை மட்டும் ஒவ்வொரு நாளும் போட்டு விடு.
விடியுமட்டும் எரியட்டும்."

ஆறரைக்குப் போய்ப் போடுகிறேன்.
எங்கிருந்தோ இரண்டு மான் வந்து
வெளிச்சத்தில் படுக்கின்றன,
யாரோ மதிலில் ஒட்டிய
வெளிநாட்டு வேலை விளம்பரத்தைச் சப்பிக்கொண்டு.

போன மாதம் மூன்று அலகு.
பில் போன அன்றைக்கே கட்டிவிட்டாள்.
பேர்கனில் இப்போது கோடை.
இரவு பத்துக்கும் வெயில் நிற்கிறதாம்,
நித்திரை கொள்ளத் தடித்த திரை வாங்கினாளாம்,
விலையைக் கேட்டேன்,
ரூபாயில் சொல்ல மாட்டேன் என்றாள்.